வெள்ளை நாற்காலியும் அரை மதிப்பெண்ணும்: மிரளும் குதிரைக்கு எந்த வழி?

எங்கள் குதிரை பவளம் செண்டை மேளத்துக்கு அஞ்ச மாட்டாள். பூரம் நடக்கும் கோயில் எங்கள் தோப்பிலிருந்து கூப்பிடு தூரம்தான். வெடி வெடித்தாலும் தீனித் தொட்டியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. யானை போனால் ஒருமுறை மூக்கை விடைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தனியாக நின்றால் போதும், நான்கு காலும் நான்கு திசைக்குப் போகும். டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரை நடைப் போட்டிக்கு எங்கே போனாலும், நடுவர்கள் உட்காருகிற இடத்தில் அந்த நாற்காலிதான் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். கேரளம்தான், வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். பவளம் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை; தரோபிரெட் என்கிற பந்தய இனம். அவள்மேல் ஏறுவது என் அண்ணன் மகள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரெஸ்ஸாஜ் தங்கம் வாங்கியதே, குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் தங்கம், அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. எனக்கு வேலை லாரி பேசுவதும், தீவனம் வாங்குவதும், மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு ராத்திரியில் கணக்குப் போடுவதும்.

டிரெஸ்ஸாஜ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களம்; சிறியது 40-க்கு 20. சுற்றிலும் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே நடையை மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிய பாடம் உண்டு. ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டிச் சதவீதமாக்குவார்கள். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் ஆடுகிற நாட்டியக் குதிரையைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பவர்களுக்கு முதலில் சப்பென்றுதான் இருக்கும். அங்கே குதிரை ஆடுவது ஊருக்கே தெரிய வேண்டும். இங்கே ஏறியிருப்பவர் என்ன சொன்னார் என்பதே வெளியில் தெரியக் கூடாது.

பவளத்தின் ட்ராட்டை, அதாவது சீரான மெல்லோட்டத்தைப், பார்த்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. காலைத் தரையில் வைப்பதற்கு முன் ஒரு கணம் காற்றில் நிறுத்திப் பார்ப்பது போல் இருக்கும். அதே குதிரைதான் மூன்றாவது நிமிடத்தில் நாற்காலியைக் கண்டு குறுக்கே பாய்கிறது. இதற்கு ஊரில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்துவிட்டேன்.

அதிகம் பேர் சொல்வது, களைக்க வை என்பதுதான். போட்டிக்கு முன் நீளக் கயிற்றில் கட்டி முக்கால் மணி நேரம் வட்டமாக ஓட விடுவது, அதன்பின் மேலே ஏறி இன்னொரு அரை மணி நேரம். லாயத்தைக் கவனிக்கிற பெரியவர் இந்தக் கட்சி. பந்தயக் குதிரைகளோடு முடி நரைத்தவர். “குதிரை குணமறிந்துதான் தம்பி ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை. கொழுப்பை இறக்காமல் உள்ளே விடாதீர்கள்” என்பார்.

இதற்கு எதிர்க்கட்சி, குறைவாகச் சூடேற்று என்பது. விடியற்காலையில் இருபது நிமிடம் நிதானமாக நடத்திவிட்டுத் திரும்ப லாயத்தில் விட வேண்டும். வைக்கோலோ புல்லோ தின்று கொண்டிருக்கட்டும். முறை வருவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்து, இரண்டு மூன்று நடைமாற்றம் மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மணி அடித்தபின் உள்ளே நுழைய 45 விநாடி கொடுப்பது சர்வதேச விதி. அந்த 45 விநாடியில் களத்தின் வெளிச்சுற்றில் நாற்காலிப் பக்கமாக ஒருமுறை காட்டிவிட்டு வரலாம். அண்ணன் மகள் இந்தக் கட்சி.

நான் நடுவில் நின்று கணக்குப் பார்த்தேன். ஒரு பாடத்தில் 25 அசைவு என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 250. குதிரை ஒரே ஒரு இடத்தில் மிரண்டு, 7 வாங்க வேண்டிய இடத்தில் 4 வாங்கினால் நஷ்டம் மூன்று மதிப்பெண், அதாவது 1.2 சதவீதம். களைத்துப்போன குதிரை எங்கும் மிரளாது, சரி. ஆனால் ஒவ்வொரு அசைவிலும் அரை மதிப்பெண் குறையும். 25 அரைகள் பன்னிரண்டரை, அதாவது ஐந்து சதவீதம். நாற்காலிக்குப் பயந்து மூன்று மதிப்பெண்ணைக் காப்பாற்றப் போய் பன்னிரண்டரையைக் கொட்டிவிட்டு வருகிறோம். தேங்காய் வியாபாரத்தில் இப்படிச் செய்பவனை யாரும் தோப்புக்குள் விட மாட்டார்கள்.

கணக்கை விட்டாலும் இன்னொரு வில்லங்கம் உண்டு. தினமும் ஓட வைத்தால் குதிரை களைக்காது, தேறும். முதல் மாதம் அரை மணி நேரத்தில் அடங்கியது, மூன்றாவது மாதம் ஒரு மணி நேரம் கேட்கும். பந்தயத்துக்கென்று வளர்த்த இனத்தோடு மூச்சில் போட்டியிடுவது என்ன புத்திசாலித்தனம்? சிறு வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடினால் மூட்டுக்கும் கேடு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “பந்தயத்தில் இரண்டு நிமிட வேலைதானே தம்பி” என்று முணுமுணுத்தார். ஒப்புக்கொண்டாரா, என்னைக் கேலி செய்தாரா என்று இன்னும் விளங்கவில்லை.

என் கணக்குக்கு உலகத் தரத்திலேயே சாட்சி உண்டு. நெதர்லாந்தின் அங்கி வான் கிரன்ஸ்வென் ஏறிய சாலினேரோ நிற்கத் தெரியாத குதிரை. பாடம் முடிந்து வணக்கம் சொல்லும் நேரத்தில்கூடக் காலை மாற்றிக்கொண்டே இருப்பான். 2004 ஏதென்ஸிலும், பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காக 2008-இல் ஹாங்காங்கில் நடந்த குதிரையேற்றத்திலும் தனிநபர் தங்கம் அந்தக் குதிரைக்குத்தான். நிற்பதில் போனது போகட்டும், மற்றதில் இருந்த துடிப்பை அவர்கள் விற்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மிரட்சி ஓரிடத்தோடு நின்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். பாடம் முழுக்க முதுகு இறுகிப்போய், நடக்கும்போது ஓடவும் ஓடும்போது துள்ளவும் செய்கிற குதிரைக்குச் செல்லாது. பல பாடங்களில் நிதான நடைக்கு இரட்டை மதிப்பு. இறுகிய குதிரை அங்கேதான் மாட்டும். 20 விநாடிக்கு மேல் முரண்டு பிடித்து நின்றுவிட்டாலோ, நான்கு காலோடு களத்துக்கு வெளியே போய்விட்டாலோ வெளியேற்றம்தான். அத்தகைய குதிரைக்கு விடியற்காலை வேலையைச் சற்று நீட்டலாம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் அந்தப் போட்டிக்கே இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

அடுத்த ஜோடி: கடிவாளத்தை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா? கடுமையான கடிவாளம் போட்டால் அடங்கும் என்பது எருதுக்கு மூக்கணாங்கயிறு போட்ட ஊரின் நியாயம். பந்தயக் குதிரைக்கு இது நேர்மாறாக வேலை செய்கிறது. ஓட்டத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதன்மேல் சாய்ந்து ஓடிப் பழகியது அது. இழுத்தால் நில் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொடக்கநிலைப் பாடங்களில் எளிய ஒற்றைக் கடிவாளம்தான் விதி, இரட்டைக் கடிவாளம் மேல்நிலைக்குத்தான். மூக்குப் பட்டையை இறுக்கி வாயை மூடவைக்கும் தந்திரமும் இனி எடுபடாது. எவ்வளவு இறுக்கலாம் என்று பார்க்க 2025 முதல் சர்வதேசப் போட்டிகளில் அளவுகோலே வந்துவிட்டது.

ஆளை மாற்றும் யோசனையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அனுபவசாலி ஒருவர் வந்து பவளத்தின்மேல் இருபது நிமிடம் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, வாரைத் தளர்த்திக்கொண்டே போனார், அவளும் கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தாள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் போட்டிக்கு மட்டும் அவரை ஏற்றினால், அடுத்த நாள் அண்ணன் மகளிடம் அதே பழைய பவளம்தான் திரும்பி வருவாள். அவரைக் குதிரைக்கு வைப்பதைவிட எங்கள் பெண்ணுக்கு வைப்பது மேல் என்று முடிவு செய்தோம். மாதம் இரண்டு நாள் வருகிறார்.

தீனியா, மருந்தா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பதை மனிதனுக்குச் சொன்னார்கள். நாம் குதிரைக்குக் கொள்ளை அள்ளிப் போட்டுவிட்டு, துள்ளுகிறது என்று புலம்புகிறோம். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டொன்பது கிலோ உலர் தீவனமாவது வேண்டும். எங்களுக்குச் சோளத்தட்டும் புல்லும் குதிரைமசாலும் கிடைக்கின்றன. தானியத்தைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தைத் தட்டால் நிரப்பினோம். குதிரையின் வயிற்றில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வயிறு காலியாக இருந்தால் புண்ணாகும், புண் வந்த குதிரை சேண வாரை இறுக்கும்போதே கடிக்க வரும். பவளத்துக்கு அந்தப் பழக்கம் இருந்தது. “திமிர்” என்று நாங்கள் ஒரு வருடம் பெயர் வைத்திருந்தோம். இப்போது ஏறுவதற்கு முன் ஒரு கைப்பிடிப் புல் தின்னாமல் அவள் லாயத்தை விட்டு வருவதில்லை. கடிப்பது நின்று ஐந்து மாதம் ஆகிறது.

மருந்துக் கடைக்காரர்கள் அமைதிப் பொடி என்று டப்பா டப்பாவாகக் காட்டுவார்கள். மயக்க மருந்து கொடுத்துப் போட்டிக்குக் கொண்டுவருவது ஏமாற்று. அதில் விவாதம் இல்லை. மூலிகைதானே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். வலேரியன் வேரும் சர்வதேச விதியில் தடைசெய்யப்பட்டதுதான். 2008-இல் ஹாங்காங்கில் நான்கு தடைதாண்டும் குதிரைகள் சிக்கியது கேப்சைசினால். மிளகாயின் காரம்தான் அது!

டப்பா வாங்குகிற பணத்தில் மருத்துவரைக் கூப்பிட்டுப் பல், முதுகு, கண் மூன்றையும் பார்ப்பது லாபம். கடைவாய்ப் பல் கூராக வளர்ந்தால் கன்னத்தைக் கிழிக்கும், ராவி விட வேண்டும். சேணம் பொருந்தாவிட்டால் முதுகு இறுகும். ஜெர்மனியின் இசபெல் வெர்த்துக்கு சாட்ச்மோ என்று ஒரு குதிரை. அபாரத் திறமை, காரணமே இல்லாமல் மிரளும். பிறகுதான் கண்ணுக்குள் ஏதோ மிதப்பதைக் கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள். ஹாங்காங்கில் சாலினேரோவுக்கு அடுத்து வெள்ளி வாங்கிய குதிரை அதுதான். பவளத்தின் கண்ணையும் பார்த்தோம், பழுதில்லை. நாற்காலி மேல் அவளுக்கு என்ன பகையோ.

துணைக் குதிரையைக் கூட்டிப்போவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாரியில் மட்டும் துணை நல்லது. களத்துக்குப் பக்கத்தில் துணையைக் கட்டினால் பாடம் முழுக்கக் கனைத்துக்கொண்டே போவாள். முதல்நாளே போய்ச் சேர்வதா, அன்றைக்கே போவதா என்ற கேள்விக்கும் ஒரே விடைதான், முதல்நாள். பெங்களூருக்குப் பத்து மணி நேரப் பயணம். இடையில் ஒரு சோதனைச் சாவடியில் க்ளாண்டர்ஸ் என்கிற குதிரைத் தொற்றுநோய்க்கான பரிசோதனைச் சான்றின் நகல் தெளிவாக இல்லை என்று இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். இறங்கும்போது அவள் கழுத்து உப்புப் பூத்திருந்தது. அன்றைக்கே போட்டி என்றால் நான் ஏற்றியிருக்கவே மாட்டேன்.

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் பயிற்சி செய்வது ஒரு தனி வித்தை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்னையை வளைத்துப் பிடித்து உலுக்கும். மட்டை விழும், தகரம் அடிக்கும், சாக்கு பறக்கும். முன்பெல்லாம் அந்த மாதம் முழுக்கப் பவளத்தை வெளியே எடுக்க மாட்டோம். இந்த வருடம் எடுத்தோம். முதல் வாரம் நடை மட்டும். காய்ந்த மட்டை ஒன்று இருபதடி தூரத்தில் விழுந்தபோது, இடது காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. வலது காது அண்ணன் மகளிடமே இருந்தது. அவள் வாரை இறுக்கவில்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை, எண்ணிக்கொண்டிருந்த எண்ணைத் தொடர்ந்து எண்ணினாள். நான்கு எட்டு வைப்பதற்குள் இடது காதும் திரும்பி வந்தது.

கடைசி யோசனை, விற்றுவிடு என்பது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் தடை தாண்டுதலுக்குக் கேட்கிறார். தாண்டுதலில் யாரும் அமைதிக்கு மதிப்பெண் போடுவதில்லை, கம்பு விழாமல் நேரத்துக்குள் முடித்தால் போதும். பவளத்தின் சுபாவத்துக்கு அதுதான் பொருந்தும் என்பவர்களுக்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. துடிப்புக்குப் பொருந்தும். ஆனால் வண்ண வண்ணமாகத் தடைகள் நிற்கும் களத்தில், வெள்ளை நாற்காலிக்கே பாய்கிறவள் என்ன செய்வாள் என்று கேட்டால் அவரும் சிரிக்கிறார்.

சென்ற போட்டித் தாளைப் பெரியவர் வாங்கிப் பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரியாது, எண் தெரியும். ஏழு, ஏழு, ஆறரை, ஏழு, நான்கு. நான்கின்மேல் விரலை வைத்து, “இதுதானே நாற்காலி?” என்றார். அதுதான். அவள் அங்கே மிரண்டபின் அடுத்த அசைவிலேயே ஏழுக்குத் திரும்பியிருந்தாள்.

“சித்தப்பா, நாற்காலி ஆறு வேண்டும்” என்றாள் அண்ணன் மகள். பந்தல்காரரிடம் வாடகைக்குப் பேசினேன். ஒரு மாதத்துக்கு என்றதும் கல்யாணமா என்று கேட்டார். இப்போது பயிற்சிக் களத்தைச் சுற்றி ஆறும் நிற்கின்றன. தினமும் காலையில் பெரியவர் இடத்தை மாற்றி மாற்றி வைக்கிறார். ஒன்றில் மட்டும் அவரே உட்கார்ந்துகொள்கிறார்.