ஸ்பீட்மாஸ்டர், எட்டு வருடம் கழித்து: சர்வீஸில் தொலைந்த ஒரு கோடு

போன வாரம் வாட்ச் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. அன்றைக்கே திருப்பூரிலிருந்து நண்பன் போன் பண்ணினான். "மாப்ளே, சுவிஸ் வாட்ச்சுக்கெல்லாம் வரி கொறையுதாமா. உன்னுது மாதிரியே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். வாங்கலாமா?"

அவன் கேட்ட நேரம் நல்ல நேரம் இல்லை. மேஜை விளக்குக்கு அடியில் லூப்பை (கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) வைத்துக்கொண்டு வாட்ச்சின் ஒரு மூலையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எழுதியது நீண்டுவிட்டது. வாங்கும் யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபெஷனல், ஹெசலைட் என்ற பிளாஸ்டிக் கண்ணாடி மாடல், உள்ளே 1861 என்ற எண் கொண்ட மெஷின். 2017-ல் புதிதாக வாங்கினேன். மூன்று லட்சத்துக்கு மேல் ஆனது. அப்போலோ விண்வெளி வீரர்கள் கையில் நிலாவுக்குப் போன கதை தெரியாமல் யாரும் இதை வாங்கப் போவதில்லை, அதனால் அதற்குள் நீளமாகப் போகவில்லை.

நான் கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு டூல் ரூம் நடத்துகிறேன். பிரஸ் டை, ஃபிக்ஸ்சர் வேலை, அதாவது தகடு அடிக்கும் அச்சும் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் கருவியும் செய்வது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் இந்த வாட்ச்சைக் கையில் கொடுத்தபோது நான் டயலைப் பார்க்கவே இல்லை. கேஸின், அதாவது வெளி உலோகக் கூட்டின், லக்கைத்தான் பார்த்தேன். ஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொள்ள நான்கு கொம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் லக். ஸ்பீட்மாஸ்டரில் அந்தக் கொம்பு நேராக வராது, லேசாக முறுக்கிக்கொண்டு கீழே இறங்கும். பக்கவாட்டு முகம் பிரஷ் ஃபினிஷ், நுண்கோடுகள் ஓடும். மேலே திரும்பும் முகம் கண்ணாடி மாதிரி பாலிஷ். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு. முறுக்கோடு முறுக்காக அந்தக் கோடு எங்கேயும் தடுமாறாமல் கொம்பின் நுனி வரைக்கும் போகும். நகத்தை வைத்து இழுத்தால் சிக்கும், ஆனால் கையைக் கிழிக்காது.

வளைந்த இரண்டு முகங்களுக்கு இரண்டு விதமான ஃபினிஷ் கொடுத்து, நடுவில் எட்ஜைச் சாகவிடாமல் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பஃபிங் வீலில் ஒரு நாள் நின்றவனுக்குத் தெரியும். பஃப் என்பது துணி. துணிக்கு எட்ஜ் தெரியாது, எங்கே மேடு இருக்கிறதோ அதைத்தான் முதலில் தின்னும். அதனால் இரண்டு முகத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தி முடிக்க வேண்டும். எனக்குப் பணம் அந்தக் கோட்டுக்காகத்தான் போனது. விலை உயர்ந்த வாட்ச் எதற்கு என்று வீட்டில் கேட்டபோதும் அதைத்தான் காட்டினேன்.

எட்டு வருடம் எண்ணெய் மாற்றாமல் ஓட்டினேன், தப்பு என்னுடையதுதான். ஐந்திலிருந்து எட்டு வருடத்துக்குள் ஒரு தடவை பிரித்துக் கழுவி எண்ணெய் விட வேண்டிய மெஷின் இது. எண்ணெய் காய்ந்தால் எந்த மெக்கானிக்கலும் தளர்ந்துபோகும். இதுவும் நாளைக்கு அரை நிமிடம் பின்னால் விழ ஆரம்பித்தது. சர்வீஸுக்குக் கொடுத்தேன். கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர் இல்லை, வெளியே தனியாக நடத்துகிற ஓர் இடம். பெயர் எழுதப் போவதில்லை. கொடுக்கும்போதே தெளிவாகச் சொன்னேன்: மெஷினை மட்டும் பாருங்கள், கேஸைத் தொடாதீர்கள், பாலிஷ் வேண்டாம். ஜாப் கார்டிலும் எழுதிக்கொண்டார்கள்.

ஏழு வாரம் கழித்து வந்தது. கவரைப் பிரித்தால் பளபளவென்று இருக்கிறது. அப்போதே அடிவயிற்றில் என்னவோ செய்தது. லூப்பில் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு கொம்பிலும் அந்தக் கோடு இல்லை. இருந்த இடத்தில் சோப்புக் கட்டி மாதிரி ஒரு வழுவழுப்பு. பிரஷ் கோடுகள் எட்ஜுக்கு அரை மில்லிமீட்டர் முன்னாலேயே மங்கிப்போகின்றன. வலது பக்கத்தில் கோடு இருக்கிறது, ஆனால் நேராக இல்லை, நடுவில் ஒரு நெளிவு.

எனக்குத்தான் கோபத்தில் அப்படித் தெரிகிறதோ என்று மறுநாள் டூல் ரூமுக்கு எடுத்துப்போனேன். எங்களிடம் சர்ஃபேஸ் கிரைண்டரில் நிற்கும் அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். வாட்ச் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தம்பி, இத பஃப்ல காட்டிப்போட்டாங்க. எட்ஜ் செத்துப்போச்சு பாருங்க."

இடது பக்கத்தைத்தான் கட்டை விரலால் காட்டினார்.

சர்வீஸ் செய்த இடத்துக்குப் போன் பண்ணினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "சார், கீறல் இருந்துச்சு, அப்படியே கொடுத்தா நல்லா இருக்காதுன்னு லைட்டா ஒரு பாலிஷ் போட்டோம், அதுக்குச் சார்ஜ் பண்ணலை." சார்ஜ் பண்ணியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்தக் கீறல்கள் எல்லாம் என்னுடையவை. கீழ்க் கொம்பு ஒன்றில் வைஸ் தாடை பட்டு விழுந்த ஒரு தழும்பு இருந்தது, அதுவும் போய்விட்டது. கீறல் என்றால் உலோகம் அங்கேயே ஒதுங்கி நிற்கிறது. பாலிஷ் என்றால் உலோகம் போயே போய்விட்டது. லேசர் வெல்டிங்கில் உலோகம் ஏற்றி மறுபடி எட்ஜ் எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் நான் வாங்கிய எட்ஜ் அது இல்லை.

அவர்களுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மெஷின் வேலை அருமை. இப்போது நாளைக்கு மூன்று விநாடி முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்) பட்டனை அழுத்தினால் முன்பு கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தது, இப்போது டக்கென்று விழுகிறது, ரீசெட்டில் மூன்று முள்ளும் ஒரே அடியில் பூஜ்யத்துக்குப் போகின்றன. கண்ணாடியை மாற்றிவிட்டார்களோ என்றும் பயந்தேன். ஹெசலைட் கண்ணாடியின் நட்ட நடுவில், உள்பக்கம், ஒமேகா குறி ஒன்று வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். லூப்பில் சரியான சாய்வு கிடைத்தால்தான் சிக்கும். தேடினேன், இருக்கிறது. பில்லும் அநியாயம் இல்லை. இத்தனை பொறுமையாக ஒரு மெஷினைக் கழுவிப் பூட்டத் தெரிந்த கைகள் உள்ள இடத்தில், கேஸை மட்டும் பஃப்பிடம் கொடுக்க எப்படி மனசு வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சரி, வாட்ச். எட்டு வருடத்தில் எனக்கு அலுக்காத ஒன்று, காலையில் சாவி கொடுப்பது. இது ஆட்டோமேட்டிக் இல்லை. முழுசாகச் சாவி கொடுத்தால் 48 மணி நேரம் ஓடும். நான் தினமும் காலையில் பல் துலக்கியதும் கொடுத்துவிடுவேன். சாவி கொடுக்கும் குமிழான கிரவுன் சின்னது, பட்டன்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முதல் பத்து சுற்று இலகுவாக வரும். பிறகு ஸ்பிரிங் இறுகுவது விரலுக்குத் தெரியும். கடைசியில் ஒரு இடத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு பல்லும் தள்ளக் கூடாது. மெஷினை ஸ்டார்ட் பண்ணி ஸ்பிண்டில் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி, அந்த அரை நிமிடத்தில் வாட்ச் எப்படி இருக்கிறது என்று கை சொல்லிவிடும். எண்ணெய் காய்ந்திருப்பதையும் டயலுக்கு முன்னால் விரல்தான் கண்டுபிடித்தது.

உள்ளே இருக்கும் மெஷினைப் பற்றி வாட்ச் பிரியர்களோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. நிலாவுக்குப் போன பழைய 321 மெஷினில் குரோனோகிராஃபை இயக்குவது காலம் வீல் (column wheel), சின்னக் கோட்டைக் கொத்தளம் மாதிரி தூண்கள் உள்ள சக்கரம். 1968-ல் வந்த 861-ல் அதை எடுத்துவிட்டு ஒரு கேம் (cam, நெம்புகோலைத் தள்ளும் தட்டையான பாகம்) வைத்தார்கள், என் 1861 அதன் வாரிசு. தரம் குறைந்துவிட்டது என்று பலர் வருந்துவார்கள். நான் வருந்தவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் சீர்செய்ய வேண்டிய ஒரு பாகத்துக்குப் பதில், ஆயிரம் எடுத்தாலும் ஒரே மாதிரி வரும் தட்டையான பாகத்தால் அதே வேலையைச் செய்ய வைப்பது பெரிய மூளை. துடிப்பும் மணிக்கு 18,000-லிருந்து 21,600 ஆனது.

1965 மார்ச் 1-ம் தேதி நாசா இந்த வாட்ச்சைத் தகுதியானது என்று ஏற்றது. அதற்கு முன் 93 டிகிரி சூடு, மைனஸ் 18 டிகிரி குளிர், 40 ஜி அதிர்ச்சி எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கண்ணாடியும் விண்வெளிக்குப் பொருத்தமானது: அடிபட்டால் சில்லு சில்லாகச் சிதறி கேபினுக்குள் மிதக்காது. எனக்கு அதைவிட உதவியாக இருப்பது, கண்ணாடியில் விழுந்த கீறலை வீட்டிலேயே பாலிஷ் பேஸ்ட்டைத் துணியில் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்துப் போக்கிவிடலாம் என்பது. அங்கே பாலிஷ் போடலாம். அது அதற்காகவே இருக்கிறது.

நிலாவுக்குப் போகும் வழியில் விபத்தில் சிக்கிய அப்போலோ 13-ல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கருவிகளை அணைத்துவிட்டு, பாதையைத் திருத்த இன்ஜினை 14 விநாடி மட்டும் எரித்தார்கள். அந்த 14 விநாடியைப் பார்த்துச் சொன்னது இந்த வாட்ச்சின் முள். பட்டனை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த 14 விநாடி ஞாபகம் வராமல் இருந்ததில்லை. ஹீட் ட்ரீட்மென்ட்டில் குவென்ச்சிங்குக்கு (சூடான இரும்பை முக்கிக் குளிரவைப்பது) நான் நேரம் பார்ப்பதும் இதே முள்ளில்தான்.

தொந்தரவு என்றால் ஒன்று சொல்லலாம். காந்தம். கிரைண்டரில் வேலைப்பொருளைப் பிடித்து வைக்கும் காந்தத் தட்டான மேக்னடிக் சக் பக்கத்தில் ஒரு தடவை மறந்துபோய்க் கையை வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் வாட்ச் ஆறு நிமிடம் முன்னால் ஓடியது. வாட்ச்சின் துடிப்பைக் கட்டுப்படுத்தும் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அப்படித்தான். காந்தத்தை எடுக்கும் எங்கள் டீமேக்னடைசரில் காட்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. 2021-லிருந்து இந்த மாடலில் வரும் 3861 மெஷினுக்கு 15,000 காஸ் (காந்தப்புல அளவு) வரை கவலை இல்லை. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

இனி நண்பனுக்கு. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் நாடுகளோடு இந்தியா போட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது உண்மைதான். ஆனால் வரி ஒரே நாளில் போகாது, வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். நான் வாங்கிய பிறகு கம்பெனிகள் ஏற்றிய விலை அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. விலை குறைகிறது என்பதற்காக வாங்காதே.

என் கை வாட்ச்சைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்தது என்றால், என் பதில் வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறேனே என்று நினைப்பாய். புகழ்ந்தது ஒவ்வொன்றும் நிஜம். ஆனால் இப்படி ஒரு பொருளை வாங்கினால், எட்டு வருடத்துக்கு ஒரு தடவை அதை யார் கையிலோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கை எப்படிப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. நேற்று இரவுகூட விளக்கடியில் இடது கொம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் சிக்கவில்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் நான்கு லக்கையும் சாய்வான வெளிச்சத்தில் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். "கேஸ், பிரேஸ்லெட் எதற்கும் பாலிஷ் போடக் கூடாது" என்று ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். அதற்குக் கீழே வாங்கிக்கொள்கிறவரின் கையெழுத்தை வாங்குங்கள். என் கார்டில் அவர்கள் எழுதியது மட்டும்தான் இருந்தது, கையெழுத்து இல்லை.