அதிபர் முறையா, நாடாளுமன்ற முறையா?

ஆட்சி முட்டுச்சந்தில் மாட்டினால் வெளியே வர வழி உண்டா? 1990-ல் அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ் கிளப்பிய விவாதத்தின் மையம் இதுதான்.

நாடாளுமன்ற முறையில் கதவு திறந்தே இருக்கும். 1979 மார்ச் 28 இரவு, பிரிட்டனில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவு 311, எதிர்ப்பு 310. ஒரே ஓட்டில் பிரதமர் கலஹன் அரசு தோற்றது. மே மாதம் தேர்தல், அப்புறம் புது ஆட்சி. அவ்வளவுதான்.

அதிபர் முறையில் பதவிக்காலம் கல்வெட்டு மாதிரி. சிலியில் 1970-ல் அயெந்தே சுமார் 36 சதவீத ஓட்டோடு முதலிடம் வந்து அதிபரானார். நாடாளுமன்றமோ எதிரணி கையில். இரு தரப்புமே மக்கள் தேர்ந்தெடுத்தவை, யார் பெரியவர்? அயெந்தேவை நீக்க மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1973 மார்ச் தேர்தலிலும் அது எதிரணிக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் ராணுவம் புகுந்து ஆட்சியைப் பிடித்தது.

சரி, குற்றம் அதிபர் முறையில் இல்லை, ராணுவ ஆட்சி பழகிய நாடுகள் அதைத் தேர்ந்தெடுத்ததில்தான் என்கிறார் இன்னொரு அரசியல் அறிஞர் செய்பூப். எனக்குப் பாதிதான் ஒப்புகிறது. சிலியில் அதற்கு முன் பல பத்தாண்டு தேர்தல் பழக்கம் இருந்ததே!