கோவையில் வலிப்புக்கும் மூளைக்கட்டிக்கும் பரிசோதனை: லீவில் வருவோர் கவனத்துக்கு

சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் கோவைக்கு நேரடி விமானம் இருப்பதால், லீவோடு லீவாக வீட்டாரின் வலிப்புக்கும் வைத்தியம் பார்த்துவிடலாம் என்று பலர் வருகிறார்கள். அவினாசி சாலைப் பக்கம் ஸ்கேன் கருவிக்குப் பஞ்சமில்லை. டாக்டரைப் பார்க்கும் முன்பே ஸ்கேன் எடுத்துவிடுவதில்தான் லீவு வீணாகிறது.

சீட்டில் "மூளை எம்.ஆர்.ஐ." என்று மட்டும் இருந்தால் சுமார் 5 மி.மீ. தடிமனில் எடுத்துத் தருவார்கள். ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலுக்கான மூளைப் பகுதி) சுருங்கியிருப்பதோ, மூளைப் புறணியின் (மேலடுக்கின்) சிறிய பிறவிக் கோளாறோ அதில் தப்பிவிடும். வலிப்புக்கு எடுக்கும் முறை வேறு: முடிந்தால் 3 டெஸ்லா (காந்த வலிமை) கருவி, இடைவெளி விடாத 1 மி.மீ. முப்பரிமாணப் படம், ஃப்ளேர், ஹிப்போகாம்பஸுக்குச் செங்குத்தான டி2 (இவ்விரண்டும் எம்.ஆர்.ஐ. பட வகைகள்). ஆகவே முதலில் நியூராலஜிஸ்ட். அவர் "எபிலெப்ஸி புரோட்டோகால்" என்று எழுதிய பிறகே ஸ்கேன். புண் பளிச்சென்று தெரிய நரம்பில் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவைப்படலாம். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி.க்குத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போகவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் எலக்ட்ரோடு சரியாகப் பற்றாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. அரைமணி நேர இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. "கை இழுத்துச்சுங்க" என்றால் எந்தக் கை, தலை எந்தப் பக்கம் திரும்பியது, தெளிந்தபின் பேச்சு வந்ததா என்பதையெல்லாம் டாக்டர் கேட்பார். நேரில் பார்த்தவரையே கூட்டிப்போங்கள். செல்போன் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி திணிக்கும் வழக்கம் ஊரில் இன்னும் உண்டு. அதை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறியுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

ரிப்போர்ட்டில் "வளையம் போல் ஒளிரும் புண்" என்று வந்தால் கேன்சர் என்று பதறவேண்டாம். நம் நாட்டில் அது பெரும்பாலும் நாடாப்புழுவின் கூடாகவோ காசநோய்க் கட்டியாகவோ இருக்கும். வேலூர் சி.எம்.சி.யின் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் பயாப்ஸி (திசு எடுத்துச் சோதித்தல்) செய்து ஒப்பிட்டுச் சொன்னது: 20 மி.மீ.க்குள், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருக்கும் ஒற்றைப் புண் பெரும்பாலும் புழுக்கூடு. இவற்றில் பல, சில மாதங்களில் தானே கரையும். அதற்கு வலிப்பு மாத்திரையும் மறு ஸ்கேனும் போதுமா என்று கேட்காமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சைவக் குடும்பத்திலும் இது வரும். புழு முட்டை மலம் கலந்த தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் வருகிறது, பன்றிக்கறியில் அல்ல.

புழுக்கூடோ காசநோயோ இல்லை, மூளைக்கட்டிதான் என்றால் லீவுக் கணக்கு மாறும். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி பல கட்டிகளுக்குப் பெயர் வைக்கவே ஐ.டி.ஹெச்., 1பி/19க்யூ போன்ற மரபணுச் சோதனைகள் வேண்டும். அவை வர வாரங்கள் ஆகலாம். லிம்ஃபோமா (ஒருவகை ரத்த வெள்ளணுப் புற்று) சந்தேகம் இருந்தால், பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுப்பது முடிவை மறைத்துவிடலாம். வெளிநாடு திரும்பும்போது பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசு), ஸ்லைடு, டைகாம் சி.டி. (ஸ்கேன் படங்களின் முழு டிஜிட்டல் பதிவு) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிம் மட்டும் போதாது. ஆபரேஷனுக்குப் பின் மண்டையோட்டுக்குள் சிக்கிய காற்று விமானத்தில் விரியும் என்பதால், டாக்டரின் அனுமதிக் கடிதமில்லாமல் ஏறக்கூடாது.

சரியாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்காவிட்டால், மூன்றாவது, நான்காவது என்று வருடங்களைக் கடத்தாமல் அறுவை மையத்தில் காட்டவேண்டும். 2001-இல் வெளியான கனடிய ஆய்வில், டெம்போரல் மடல் (காதுப்பக்க மூளைப் பகுதி) வலிப்புக்கு அறுவைக்கு அனுப்பியவர்களில் 58 சதவீதத்தினருக்கு ஒரு வருடம் நினைவிழக்கும் வலிப்பு வரவில்லை; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 சதவீதம்தான். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கும் வீடியோ இ.இ.ஜி.க்குப் பல நாள் படுக்கை தேவை. சிக்கலான கேஸுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

குளோபஸாம் போன்ற வலிப்பு மாத்திரைகளை அமீரகத்துக்குக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும்; ஜெனரிக் பெயர் (பிராண்டு அல்லாத மருந்துப் பெயர்) எழுதிய சீட்டோடு, கிளம்பும் முன்பே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள்.