கணினியில் வைரஸ் இல்லை. அப்பாவின் 2,800 ரூபாய்தான் போனது

திருநெல்வேலியில் தனியாக இருக்கும் என் அப்பாவுக்கு 72 வயது. மின்கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் மடிக்கணினியில் தானே பார்த்துக்கொள்வார். போன மாதம் ஒரு நாள் இரவு போன் செய்து, "கம்ப்யூட்டர் முழுக்க வைரஸாம்ப்பா, மூலையில் வந்து வந்து சொல்கிறது" என்றார். குரலில் பதற்றம். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே அவர் பக்கத்திலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "ஹார்ட் டிஸ்க் வரை ஏறிவிட்டது சார், விட்டால் பேங்க் பணமே போய்விடும்" என்றிருக்கிறார்கள். ஆன்டிவைரஸுக்கு 1,600, சர்வீஸுக்கு 1,200. அன்றிரவே அதே எச்சரிக்கை, அதே மூலையில்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் சிவப்புக் கேடயத்துடன் ஒரு பெட்டி: "5 வைரஸ்கள் கண்டறியப்பட்டன". அந்தப் பெட்டிக்குள்ளேயே பொடி எழுத்தில் குரோம் உலாவியின் பெயரும், அதை ஒட்டி கேள்விப்படாத ஓர் இணையதள முகவரியும் இருந்தன. அது வைரஸ் அல்ல, ஏதோ ஓர் இணையதளம் அனுப்பும் விளம்பரம். பழுதுபார்ப்பவர் கண்ணில் இது படாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

குரோமில் அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாகப் போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். அப்பாவின் கணினியில் பதினான்கு இருந்தன. வில்லங்கச் சான்று தேடியபோது ஒரு பக்கம், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட, 'அனுமதி' என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டதாம், அழுத்தியிருக்கிறார். உண்மையான ரோபோ சோதனை எதுவும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்காது. ஒருமுறை கொடுத்துவிட்டால், அந்தப் பக்கத்தை மூடிய பிறகும் செய்தி வந்துகொண்டே இருக்கும். அனுமதி நாம் கொடுத்தது என்பதால், ஆன்டிவைரஸ் போட்டும் அது நிற்கவில்லை. பதினான்கையும் நீக்கி, இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கேட்கவே கூடாது என்று மாற்றிவைத்தேன். இரண்டு நிமிட வேலை.

அதோடு முடிந்திருந்தால் பணத்தை மறந்திருப்பேன். எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு தேடுபொறிக்குப் போனது. உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மென்பொருளான நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) ஒன்று உட்கார்ந்திருந்தது; அதை நீக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி. ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டுக் கணினியை எந்த நிறுவனம் நிர்வகிக்கிறது? சில நல்ல ஆன்டிவைரஸ் மென்பொருள்களாலும் அந்த வரி வருவதுண்டு, அதனால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இங்கே காரணம் வேறு. கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஓர் இலவச மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் குரோமுக்கான கொள்கையை, அதாவது நிர்வாகி இடும் கட்டளையை, எழுதி, அந்த நீட்டிப்பைக் கட்டாயமாக ஏற்றியிருந்தது. குரோமைப் பழைய நிலைக்கு மீட்டமைத்துப் பார்த்தேன், அசையவில்லை. மென்பொருளை நீக்கி, ரெஜிஸ்ட்ரி பதிவையும் அழித்த பிறகுதான் போனது. மூன்று மணி நேரம். பிறகு என் போனிலிருந்து அப்பாவின் வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றினோம்.

கடையில் கேட்டபோது, "எங்களிடம் வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார்கள். நீக்குவதற்கு முன் நிறுவல் பட்டியலைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அந்த மென்பொருளுக்கு நேரே இருந்த தேதி, கணினி அவர்கள் கடையில் இருந்த அதே நாள். காட்டினேன், பேச்சு நின்றது, பணம் வரவில்லை. ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார் அப்பா, ரசீது கேட்கவில்லை. இருந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன்.