முழு எந்திரமா, போர்டு மட்டுமா?

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் வீடியோ விளையாட்டுகளைச் சேகரிக்க விரும்புவோர், முழு எந்திரத்தை வாங்குவதா, அதனுள் விளையாட்டைத் தாங்கி இருக்கும் மின்சுற்றுப் போர்டை மட்டும் வாங்குவதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் இரண்டையும் வாங்கினேன். இன்று என்னிடம் இருப்பவை போர்டுகள் மட்டுமே.

எந்திரத்தின் அழகைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1993இல் வெளிவந்த சேகா நிறுவனத்தின் ஆஸ்ட்ரோ சிட்டி எந்திரத்தின் முன் அமர்ந்து, 29 அங்குலப் படக்குழாய்த் திரையில் ஆடும் சுகமே தனி. ஆனால் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீவக அடுக்குமாடி வீட்டில் அது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஜப்பானின் 100 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதால், இங்குள்ள 230 வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரும் தேவைப்பட்டது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், பராமரிப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. படம் ஓரங்களில் சுருங்கத் தொடங்கியபோது, மானிட்டரின் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருந்தன. சிம் லிம் டவரில் அவை சில வெள்ளிக்கே கிடைத்தன என்றாலும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பல ஆயிரம் வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடிய படக்குழாயின் அருகே கைவைக்கும் துணிவு எனக்கு வரவில்லை. ஓராண்டு மட்டுமே அந்த எந்திரத்தை வைத்திருந்தேன். கைதேர்ந்தவருக்கு இந்தப் பழுதுபார்ப்பு எளிதாகவே இருக்கலாம்.

போர்டுகளுக்கும் பராமரிப்பு உண்டு, ஆனால் அது வீட்டு மேசையில் முடிகிற வேலை. ஆர்கேட் போர்டுகளுக்கான பொது இணைப்பு முறையான ஜாமா தரத்தின் 56 முனை இணைப்பு கொண்டவற்றை, எந்திரம் இல்லாமலே வீட்டுத் திரையில் ஆட உதவும் சூப்பர்கன் என்ற ஒரே கருவியில் பொருத்தி ஆடலாம். நம் ஊர் ஈரக்காற்றில் சிப்புகளின் கால்கள் துருப்பிடிக்காமலிருக்க, கேமராக்காரர்கள் பயன்படுத்தும் டிரை கேபினட்டிலேயே அவற்றை அடுக்கி வைத்திருக்கிறேன்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 என்ற வகைப் போர்டுகளுக்கு. விளையாட்டைத் திறக்கும் மறைகுறிச் சாவியை அவற்றிலுள்ள ஒரு சிறிய 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் காத்து நிற்கிறது. அது தீர்ந்தால் சாவி அழிந்து, திரையில் ஒரே நிறம் மட்டும் தெரியும். நான் வாங்கிய சிபிஎஸ்-2 போர்டின் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தபோது, பேட்டரியின் மேல் முந்தைய உரிமையாளர் மார்க்கரால் எழுதிய தேதி பாதி அழிந்திருந்தது, மல்டிமீட்டர் 3.2 வோல்ட் காட்டியது. அன்றிரவே மாற்றிவிட்டேன். அழிந்த சாவியை மீண்டும் எழுதும் வழி 2016இல் கண்டறியப்பட்டதால், இப்போது இறந்த போர்டுகளையும் தயங்காமல் வாங்குகிறேன்.

விற்பதிலும் வேறுபாடு பெரிது: என் எந்திரத்தை வாங்கியவர் லாரியோடு வந்தார், போர்டு அஞ்சலிலேயே போய்விடும்.