50 கிலோ மூட்டையா, ஜம்போ பையா: பை விலையில் தெரியாத செலவுகள்

திருகோணமலையிலிருந்து தூளாகவும் மணியாகவும் வெளியே போகிற சரக்கு கொஞ்சநஞ்சமல்ல. சீனக்குடாப் பக்கம் மாவும் சீமெந்தும், நிலாவெளியில் உப்பு, வடக்கே புல்மோட்டையில் இல்மனைட்டும் ரூட்டைலும் கலந்த கனிய மணல். பெரிய ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். இது மாதத்தில் சில லோட் அனுப்புகிற சின்ன ஸ்டோர்காரர்களுக்காக எழுதுவது.

பை வாங்கப் போனால் முதலில் கேட்பது "ஒன்று என்ன விலை?" என்பதுதான். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் உரப்பை வகை, அதாவது நெய்த பிளாஸ்டிக் பை, சுலபமாக வென்றுவிடும். ஆனால் ஒரு தொன் சரக்கு வாங்குபவரின் இடத்தில் கொட்டி முடியும் வரை என்ன செலவாகிறது என்று பார்த்தால் கதை வேறு.

கடதாசிப் பையை முதலில் முடித்துவிடலாம். நிரப்பும்போது உள்ளே மாட்டும் காற்று கடதாசி வழியே தானாக வெளியேறும். அதனால் வேகமாக நிரப்பலாம், தூசியும் குறைவு. சீமெந்துக்கு அது பெரிய வசதி. ஆனால் நம் ஊரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தறப்பாளில் ஒரு ஓட்டை போதும், அடியில் இருக்கும் வரிசை கல்லாகிவிடும். மழைக்காலத்தில் கடதாசிப் பையில் அனுப்புகிறவர் நல்ல தறப்பாளுக்கும் தரையில் போடும் பலகைக்கும் சேர்த்தே விலை போட வேண்டும்.

நெய்த பை நனைந்தாலும் கிழியாது. அதன் செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. சுமை தூக்கும் நாட்டாமைகள் இரும்புக் கொக்கியால் குத்தித் தூக்கினால் நெசவு விலகி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று லொறி போகிற வழியெல்லாம் சரக்கு மெல்லக் கசியும். கொழும்பில் இறக்கும்போது லொறித் தட்டில் கிடப்பதைக் கூட்டி அள்ளினாலும் அதை யாரும் நல்ல சரக்காக எடுக்க மாட்டார்கள். பை கிழியவில்லை, அதனால் சேதம் என்று எந்தப் பதிவிலும் வராது.

பையின் வாய் இன்னொரு இடம். தைத்த நூலின் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று கழன்று வந்துவிடும். தவறான பக்கத்தைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும். அவசரத்தில் இருப்பவர் கத்தியை எடுத்துக் குறுக்கே வெட்டுவார், பிளாஸ்டிக் இழைகள் சரக்கோடு விழும். அரிக்கும் கூலி வாங்குபவருக்கு, அடுத்த ஓடரில் விலை குறைப்பு நமக்கு.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுவது: நிறை. குறைந்தது என்று பேச்சு வாங்கக் கூடாதென்று நிரப்புகிறவர் கையால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவார். 20 தொன் என்பது 400 மூட்டை. மூட்டைக்கு 200 கிராம் கூடினால் 80 கிலோ சும்மா போகிறது. கொட்டிய பிறகு பை மூலைகளில் 100 கிராம் ஒட்டிக்கொண்டால் இன்னொரு 40 கிலோ. பை விலையில் ஐம்பது சதம் குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தராசைச் சரிபார்க்கிற வேலை பேரத்தைவிட லாபம்.

உப்புக்காரருக்குத் தனியாக ஒன்று. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை ஊரில் மாரி காலத்தில் அது சர்வசாதாரணம். உள்ளே பொலித்தீன் உறை போடாத நெய்த பை அடியிலிருந்து சொட்டும். உறை போடாமல் விடுகிற காசை மிச்சம் என்று நினைக்க வேண்டாம்.

சரி, ஜம்போ பை: மேலே உள்ள காதுப் பட்டிகளில் ஃபோர்க்லிப்ட் மாட்டித் தூக்குகிற பெரிய நெய்த பை. பைக்கு ஒரு தொன் என்றால் 20 தொன்னுக்கு 400 தையல் இல்லை, 20 பை போதும். அடியில் அவிழ்த்துக் கொட்டும் குழாய் உள்ளதாக வாங்கினால் கத்திக்கு வேலையில்லை. முதுகுக்கும் நல்லது. ஒரு ஆண் தொழிலாளி சுமக்கக்கூடிய உச்ச நிறை 55 கிலோ என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. 50 கிலோ மூட்டை அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, அதை நாள் முழுக்கத் தூக்குவது யார் என்பதை நாம் நினைப்பதில்லை.

ஆனால் அளவில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு கன மீட்டர் பையில் மாவு ஏறக்குறைய அரைத் தொன்தான் பிடிக்கும். அதே பையில் இல்மனைட்டை வாய்வரை நிரப்பினால் இரண்டு தொன்னைத் தாண்டிவிடும், ஒரு தொன்னுக்குத் தைத்த காது அதைத் தாங்காது. இன்னொன்று, நிரப்பினால் சதுரப் பை புடைத்து வட்டமாகிவிடும். ஒரு மீட்டர் பக்கமுள்ள பையின் சுற்றளவு 4 மீட்டர், முழுக்க வட்டமானால் குறுக்களவு 1.27 மீட்டர். கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், ஆகவே இரண்டு பை அருகருகே நிற்காது. 90 சென்டிமீட்டர் பை என்றால் நிற்கும். இது தெரியாமல் வாங்கினால் கன்டெய்னரில் காற்றுக்கும் சேர்த்து வாடகை கட்டுவோம்.

திரும்பப் பாவிக்கலாம் என்று சொல்லி விற்கும்போது லேபலில் பாதுகாப்பு விகிதத்தை, அதாவது பை அறுந்துபோகும் பாரம் தூக்கச் சொன்ன பாரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை, பாருங்கள். 5:1 என்றால் ஒரு முறைக்கு, 6:1 என்றால் பல முறைக்கு. 5:1 பையை மறுபடி நிரப்பித் தூக்குவது மிச்சமல்ல, கீழே நிற்கிற ஆளின் உயிரோடு விளையாட்டு. வெளியில் வெயிலில் குவித்து வைத்த பையையும் நம்பக் கூடாது. வெயில் தின்ற உரப்பை விரல் பட்டாலே உதிர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், காதுப் பட்டியும் அதே பிளாஸ்டிக்தான்.

பவுசரில், அதாவது டாங்கி லொறியில், பையே இல்லாமல் அனுப்பலாம், வாங்குபவரிடம் சரக்கைக் கொட்டி வைக்கும் சைலோ கோபுரம் இருந்தால். திரும்பி வரும் வெறும் ஓட்டத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதைப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். சின்ன ஸ்டோருக்கு இது இப்போதைக்குத் தூரம்.

என் கணிப்பு இது. வாங்குபவர் ஒரே ஆள், அவரிடம் ஃபோர்க்லிப்ட் உண்டு, சரக்கு மாதாமாதம் போகிறது என்றால் ஜம்போதான், பை விலை எவ்வளவு அதிகமாகத் தெரிந்தாலும். மூதூர், கிண்ணியா கடைகளுக்குப் பத்தும் இருபதுமாக இறக்குவதென்றால் உறை போட்ட நெய்த மூட்டையை விட வேறு வழியில்லை. ஃபோர்க்லிப்ட் இல்லாத இடத்துக்கு ஜம்போ அனுப்பினால், லொறியில் வைத்தே பையை வெட்டி மண்வெட்டியால் சின்னப் பைகளில் அள்ளுவார்கள். இரண்டு வகைப் பைக்கும் காசு, லொறி காத்து நிற்கும் கூலி வேறு. அதனால் விலை சொல்வதற்கு முன் இறக்கும் இடத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாசல் உயரமும் தரையும் அதில் தெரிய வேண்டும்.