அமுக்கிய காற்றில் மின்சாரம்: சூட்டை யார் காப்பாற்றுகிறார்கள்?

மிச்ச மின்சாரத்தில் காற்றை அமுக்கி நிலத்தடி உப்புக் குகையில் அடைத்துவைத்து, தேவைப்படும்போது திறந்துவிட்டு டர்பைனைச் சுழற்றலாம். சிக்கல் முழுக்கச் சூட்டில்தான். சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும், நாம் கை வலிக்கக் கொடுத்த வேலைதான் அப்படிச் சூடாகக் கிளம்பிப் போகிறது. வால்வை அழுத்திக் காற்றை விட்டால் விரல் சில்லிடும்.

ஜெர்மனியின் ஹுன்டார்ஃப் நிலையம் 1978-இல் இயங்கத் தொடங்கியபோது 290 மெகாவாட், உலகிலேயே முதலாவது. அமுக்கும்போது வரும் சூட்டை அது குளிர்வித்து வெளியே கொட்டிவிடுகிறது. குகையிலிருந்து வரும் ஆறிய காற்றை அப்படியே விரியவிட்டால் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போய் ஈரமெல்லாம் உறைந்துவிடும் என்பதால், இயற்கை எரிவாயுவை எரித்து மறுபடி சூடாக்குகிறார்கள். 1 யூனிட் மின்சாரம் தர அதற்கு 0.8 யூனிட் மின்சாரமும் 1.6 யூனிட் அளவுக்கு எரிவாயுவும் வேண்டும். மொத்தத் திறன் 42%. இதைப் பலர் லித்தியம் பேட்டரியின் 85 சொச்சத்தோடு நேராக வைத்துப் பேசுகிறார்கள், அது தப்பு. இங்கே உள்ளே போவதில் மூன்றில் இரண்டு பங்கு எரிவாயு. அதனால் ஒரு பகுதி சேமிப்பகம், ஒரு பகுதி எரிவாயு மின்நிலையம் என்றுதான் இதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமாவில் 1991-இல் வந்த மெக்கின்டாஷ், 110 மெகாவாட், செய்த மாற்றம் ஒன்றுதான்: டர்பைனிலிருந்து வெளியேறும் சூடான புகையை வைத்தே குகைக்காற்றை முதலில் சூடாக்கிக்கொள்கிறது. எரிவாயு 1.17 யூனிட்டாகவும் மின்சாரம் 0.69 ஆகவும் இறங்கி, திறன் 54% ஆனது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது. ஆனால் அமுக்கும்போது பிறக்கும் சூடு இங்கேயும் வீண்தான்.

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் 2022-இல் இயங்கத் தொடங்கிய ஜின்டான் நிலையம் அந்தச் சூட்டையே பிடித்துத் தனியாகச் சேமித்து, காற்று விரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. எரிவாயு வேண்டாம். தொடங்கியபோது அளவு சிறியது, 60 மெகாவாட், 5 மணி நேரம். மெக்கின்டாஷ் குகை நிறைந்திருந்தால் 26 மணி நேரம் ஓடும். அப்புறம், வெப்பத்தைக் கைமாற்றும் ஒவ்வொரு இடத்திலும் சில டிகிரி இழப்பும் உண்டு, பேட்டரி அளவு திறனை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

சரி, எதைக் கட்டலாம்? உப்புப் படிவம் உள்ள ஊரில் புதிதாகத் தொடங்குவதென்றால் தயங்காமல் ஜின்டான் வழிதான். எரிவாயு டர்பைன் ஏற்கெனவே நிற்கும் இடமென்றால் மெக்கின்டாஷ் போல் புகைச்சூட்டையாவது பிடியுங்கள்.